“தொண்டையில் சிக்கிடும்மா”: விழுங்கப் பயப்படும் பிள்ளையோடு எங்கிருந்து தொடங்குவது

போன வாரம்வரை காப்பிக் கடையில் சிக்கன் ரைஸ் கேட்டு அடம்பிடித்த பிள்ளை, இன்று ஒரு வாய்ச் சோற்றைக் கால் மணி நேரம் மென்றுவிட்டுத் துப்புகிறது. கேட்டால், “தொண்டையில் சிக்கிடும்மா” என்கிறது. பெரும்பாலும் இதற்குப் பின்னால் ஒரு சம்பவம் இருக்கும். மீன் உருண்டை வழுக்கிக்கொண்டு போய்ப் புரையேறியிருக்கும். மிட்டாய் ஒன்று ஒரு கணம் அடைத்திருக்கும். தொண்டை வலியும் வாந்தியுமாக ஒரு வாரம் படுத்திருக்கும். தனக்கு எதுவுமே நடக்காமல், பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பனுக்கு நடந்ததைப் பார்த்தே பயம் பிடித்துக்கொண்ட பிள்ளைகளும் உண்டு.

மிரட்டி ஊட்டினால் இந்தப் பயம் கூடும். ஐயோ பாவம் என்று எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் கொடுத்தாலும் கூடும், கொஞ்சம் மெதுவாக. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. வயிறு நிறைவதை ஒரு வேலையாகவும், பயத்தைப் பழக்குவதை இன்னொரு வேலையாகவும் பிரித்துவிடுவது. 4, 5 வயதிலிருந்து தொடக்கப்பள்ளி வயதுவரை உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கைக்குழந்தைகளின் கதை வேறு.

1. முதலில் ஒரு மருத்துவர் பார்க்கட்டும்

பயம்தான் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. விழுங்கும்போது வலி, கெட்டியான உணவு நெஞ்சில் நின்றுவிடுவதாகத் திரும்பத் திரும்பச் சொல்வது, தண்ணீர் குடித்தால்கூட இருமல், அடிக்கடி வாந்தி, தூக்கத்தில் பலமான குறட்டை, இவையெல்லாம் உடம்பைச் சோதிக்கச் சொல்லும் அறிகுறிகள். டான்சில் வீங்கியிருக்கலாம். வயிற்று அமிலம் மேலே ஏறலாம். ஒவ்வாமையால் உணவுக்குழாயில் அழற்சி வந்து அது குறுகிப்போகும் நோய் ஒன்றும் இருக்கிறது. அதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தொடங்குவது நல்லது. அங்கே பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ போனால் சலுகைக் கட்டணம். நேராகப் போய்த் தனிப்பட்ட நோயாளியாகப் பதிந்துகொண்டால் பில் வேறு மாதிரி வரும். வேலை அனுமதியில் வந்திருக்கும் குடும்பங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. நிறுவனத்தின் காப்புறுதி எதையெல்லாம் ஏற்கும், குறிப்பாக மனநல ஆலோசனையை ஏற்குமா என்று முன்னாலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது பிள்ளையின் சுகாதாரக் கையேட்டை எடுத்துச் செல்லுங்கள். பழைய எடை, உயரம் எல்லாம் அதில் இருக்கும். எடை குறைந்திருக்கிறதா என்பதுதான் மருத்துவர் முதலில் பார்ப்பது. மூன்று நாளுக்கு என்ன சாப்பிட்டது, என்ன குடித்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் பாதி கேள்விக்கு அதுவே பதில். “ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குது டாக்டர்” என்பதை வைத்து அவரால் எதுவும் செய்ய முடியாது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். பிள்ளை குடிப்பதையும் நிறுத்திவிட்டாலோ, எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட்டாலோ, எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாமல் சோர்ந்து கிடந்தாலோ, அன்றைக்கே அவசரப் பிரிவு.

2. தொண்டைக்குள் என்ன நடக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள்

மருத்துவர் “தொண்டை நன்றாக இருக்கிறது” என்று சொன்ன பிறகும் பயம் போகாது. பிள்ளை பொய் சொல்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. பயந்தால் வாய் உலரும், தொண்டைத் தசைகள் இறுகும். எச்சில் இல்லாத வாயில் சோறு கரகரவென்று இறங்கும். இறுகிய தொண்டையில் ஒன்றுமே இல்லாதபோதும் ஏதோ உருண்டை நிற்பது போலிருக்கும். ‘பார்த்தியா, நான் சொன்னேன்ல’ என்று பயம் தனக்குத்தானே சாட்சி சொல்லிக்கொள்கிறது. அந்த உணர்வு நிஜம், ஆபத்து மட்டும் இல்லை. இதை முதலில் நாம் நம்பினால்தான் பிள்ளையிடம் சொல்ல முடியும்.

பிள்ளைக்கு இப்படிச் சொல்லலாம்: தொண்டையில் இரண்டு வழி இருக்கிறது, ஒன்று காற்றுக்கு, ஒன்று சாப்பாட்டுக்கு. நீ விழுங்கும்போது காற்று வழியை ஒரு சின்ன மூடி மூடிக்கொள்ளும். சாலையில் பச்சை மனிதன் எரியும்போது வண்டியெல்லாம் நிற்கிற மாதிரி, சாப்பாடு போகும்போது மூச்சு ஒரு நொடி நிற்கும், சாப்பாடு போனதும் ஓடும். நீ அதைச் சொல்லித்தரவே வேண்டாம், எச்சில் விழுங்கும்போதெல்லாம் அது தானாக நடக்கிறது. கழுத்தில் விரலை வைத்து ஒரு முறை விழுங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஒன்று மேலே ஏறி இறங்குவது விரலுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு இது பிடித்துவிடும். அப்பாவின் கழுத்தையும் தொட்டுப் பார்ப்பார்கள்.

அடுத்து, இருமலையும் ஓங்கரிப்பையும் பற்றி. நாக்கின் பின்பக்கத்தில் ஏதாவது பட்டால் குமட்டிக்கொண்டு வரும். அது உணவை முன்னால் தள்ளுகிற வேலை. தண்ணீர் தப்பான வழியில் போனால் இருமல் வரும்; அது வெளியே தள்ளுகிற வேலை. இரண்டுமே உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் விதம். சத்தமாக இருமுகிற பிள்ளைக்கு மூச்சு போய் வந்துகொண்டுதான் இருக்கிறது. இதைச் சாப்பாட்டு நேரத்தில் பாடம் நடத்த வேண்டாம். குளிக்கும்போதோ பேருந்திலோ சொன்னால் போதும்.

3. வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி பேசுங்கள்

எனக்குத் தெரிந்தவரை, பயிற்சியைவிடக் கஷ்டமானது இதுதான்.

பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, “மெதுவா கண்ணு, மெதுவா... நல்லா மெல்லு, அடைச்சுக்கப் போவுது” என்பார். அத்தனையும் அன்பு. ஆனால் பிள்ளைக்கு ஒவ்வொரு வாய்க்கும் ஒரு எச்சரிக்கை போய்ச் சேர்கிறது. பாட்டியை அதட்டுவதில் பயனில்லை, அவருக்கு வேறு வேலை கொடுங்கள். சாப்பாட்டு மேசையில் ஊர்க் கதை சொல்லட்டும். புரையேறினால் தலையில் தட்டி “யாரோ உன்னை நினைக்கிறாங்க” என்று சிரிப்பாரே, அந்தப் பழக்கம் மருத்துவமாக எதுவும் செய்யாது. ஆனால் இருமலைச் சாதாரண விஷயமாக்கிவிடுகிறது. அது இருக்கட்டும். “சிக்கினா ஒரு உருண்டை சோத்தை அப்படியே முழுங்கு” என்ற வைத்தியத்தை மட்டும் நிறுத்திவிடுங்கள். மீன் முள் குத்தியிருந்தால் அது இன்னும் ஆழமாக இறங்கும். பயந்த பிள்ளைக்கு அதைவிடக் கொடுமை கிடையாது.

வீட்டில் பணிப்பெண் ஊட்டுகிறார் என்றால் அவரிடம் தனியாகப் பேசுங்கள். தட்டு காலியாகாவிட்டால் தன்மேல் பழி வரும் என்ற பயம் அவருக்கு இருக்கும், அதனால் அவசரப்படுத்துவார். “மிச்சம் வைத்தால் பரவாயில்லை, உங்கள் தவறு இல்லை” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முடிந்தால் ஊட்டுவதையே நிறுத்திவிடலாம். பிள்ளை தன் கையால் எடுத்து வைக்கும் கவளத்தின் அளவு தன் பிடியில் இருக்கிறது. அடுத்தவர் கையில் வரும் கவளத்துக்கு அந்த நம்பிக்கை கிடையாது.

“இது சிக்குமாம்மா?” என்ற கேள்வி ஒரு வேளைக்குப் பத்து முறை வரும். ஒவ்வொரு முறையும் “சிக்காதுடா” என்று சத்தியம் செய்தால், அடுத்த வாய்க்கு இன்னொரு சத்தியம் தேவைப்படும். ஒரு முறை பதில் சொல்லுங்கள். அதற்கப்புறம், “இது பயம் கேக்குற கேள்வி. நேத்து இதே கேள்விய கேட்டுச்சே, அப்புறம் என்ன ஆச்சு?” என்று திருப்பிக் கேளுங்கள். பதிலைப் பிள்ளையே சொல்லட்டும்.

4. சாப்பாடு வேறு, பயிற்சி வேறு

மூன்று வேளைச் சாப்பாட்டில், இப்போது பயமில்லாமல் இறங்குகிறதைக் கொடுங்கள். தயிர், குழைத்த ரசம் சாதம், மீன் கஞ்சி, தௌ ஹுவே (சோயாப் பாலில் செய்யும் மென்மையான இனிப்பு), அரைவேக்காட்டு முட்டை, எதுவானாலும் சரி. அரை மணி நேரத்துக்கு மேல் மேசையில் உட்கார வைக்க வேண்டாம். மைலோவிலும் பாலிலுமே நாளை ஓட்டினால் பசி செத்துப்போகும், மலச்சிக்கல் வரும், இரும்புச்சத்தும் குறையலாம். ஆகவே அவற்றைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் என்ன சாப்பிடுகிறதோ அதுவும் மேசையில் கண்ணில் படும்படி இருக்கட்டும். தொடச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று, கஞ்சிக்குள் கோழித் துண்டை ஒளித்து வைப்பது வேண்டாம். ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால் கஞ்சியும் போச்சு.

பயிற்சிக்கு நாளில் பத்து நிமிடம் போதும். பள்ளி விட்டு வந்து கொஞ்சம் ஓய்வெடுத்த பிறகு, ரொம்பப் பசியும் இல்லாமல் வயிறும் நிறையாமல் இருக்கும் நேரம். அதில் எவ்வளவு உள்ளே போனது என்பது கணக்கே இல்லை. ஒரு பட்டாணி அளவு விழுங்கினாலும் அன்றைய வேலை முடிந்தது.

5. படிகளைப் பிள்ளையோடு உட்கார்ந்து எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை முன்பு சாப்பிட்ட, இப்போது தவிர்க்கிற உணவுகளையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை பய மதிப்பெண் போடச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைக்கு எண்ணுக்குப் பதில் சிரித்த முகம், அழுத முகம் வரைந்தால் போதும். மதிப்பெண் குறைந்ததிலிருந்து மேலே ஏறுகிற வரிசைதான் உங்கள் படிகள்.

நாம் நினைக்கும் வரிசையும் பிள்ளை போடும் வரிசையும் ஒத்துப்போகாது. பெரியவர்களுக்கு வெள்ளை ரொட்டி மென்மையானது. வாய்க்குள் அது எச்சிலோடு சேர்ந்து பிசினாக ஒட்டிக்கொள்வதால் பல பிள்ளைகளுக்கு அது மேல்படி. மாறாக, அப்பளம், காயா டோஸ்ட்டின் மொறுமொறு ஓரம், பாலில் நனைத்த பிஸ்கட் ஆகியவை நொறுங்கிக் கரைந்துவிடும் என்பதால் சுலபமாக இருக்கலாம். வெறும் இட்லி விக்கும். சாம்பாரில் ஊறிய இட்லி வழுக்கிக்கொண்டு போகும். இடியாப்பத்தைத் தேங்காய்ப் பாலில் நனைத்தால் ஒரு படி கீழே இறங்கிவிடும். பராட்டாவும் கோழியும் நார் நாராக மெல்ல வேண்டியவை, பெரும்பாலும் உச்சியில்தான் இருக்கும். ஒரே உணவையே அளவால் பல படிகளாக்கலாம்: அரிசி மணி அளவு, பட்டாணி அளவு, விரல் நகம் அளவு, சாதாரண வாய்.

பயத்தைக் கிளப்பிய அதே உணவு, உதாரணத்துக்கு மீன் உருண்டை, பட்டியலில் இருக்கட்டும். கடைசியில் இருக்கட்டும்.

6. அந்தப் பத்து நிமிடம்

பிள்ளை நிமிர்ந்து உட்கார வேண்டும். கால் தொங்கினால் ஒரு முக்காலி போட்டுக் கால் ஊன்ற வையுங்கள். டிவி, கைப்பேசி வேண்டாம். கவனத்தைத் திருப்பி ஏமாற்றி விழுங்க வைத்தால், தன்னால் முடிந்தது என்று பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடும்.

சாம்பாரில் ஊறிய இட்லி அன்றைய படி என்று வைத்துக்கொள்வோம். சின்னக் கிண்ணத்தில் நான்கைந்து விள்ளல், உங்களுக்கும் ஒரு கிண்ணம். முதலில் எவ்வளவு பயம் என்று கேளுங்கள். “ஏழு.” சரி, ஏழு என்று நோட்டில் எழுதுங்கள். விரலால் நசுக்கிப் பார்க்கட்டும், எவ்வளவு சுலபமாக மசிகிறது என்று கையே சொல்லும். பிறகு நாக்கு நுனியில் வைத்து எடுக்கட்டும். அடுத்து வாயில் போட்டு மெல்லட்டும். ஆரம்ப நாள்களில் துப்புவதற்கு ஒரு கிண்ணம் வைத்துக்கொள்ளலாம், வாயில் வைத்ததே ஒரு படிதான். அப்புறம் அரிசி மணி அளவு ஒன்றை விழுங்குவது. நீங்கள் பேசாமல் உங்கள் இட்லியைத் தின்றுகொண்டிருங்கள். முகத்தையே உற்றுப் பார்க்காதீர்கள். விழுங்கியதும் கைதட்டி ஆரவாரம் செய்ய வேண்டாம். “பயமா இருந்துச்சு, இருந்தும் போட்ட பாரு” என்றால் போதும். இப்போது எவ்வளவு பயம்? “அஞ்சு.” எழுதுங்கள்.

ஓங்கரித்தால்? இருமினால்? நீங்கள் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தால் அன்றைய பாடம் முழுக்கக் கெட்டது. முகம் மாறாமல் உட்கார்ந்திருங்கள். “உன் தொண்டை வேலை செஞ்சுடுச்சு.” இருமல் அடங்கியதும் இதைவிடச் சுலபமான ஒரு விள்ளலோடு முடியுங்கள். பயத்தின் உச்சியில் எழுந்து ஓடவிட்டால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மனம் பதித்துக்கொள்ளும்.

ஒரே படியை, பயம் இரண்டுக்கோ மூன்றுக்கோ இறங்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அதன் பிறகே அடுத்தது. பரிசு கொடுக்கலாம், உணவாக வேண்டாம். இரட்டைத் தட்டுப் பேருந்தில் மேல்தளத்து முன் இருக்கை, புளோக்குக்குக் கீழே இருக்கும் விளையாட்டுத் திடலில் இன்னும் பத்து நிமிடம், இதெல்லாம் எங்கள் வீட்டில் நன்றாகவே எடுபட்டது.

சாப்பாடு ஓரளவு தேறிய பிறகும் சில பழக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர், ஒரு கவளத்தை நாற்பது தடவை மெல்லுவது, கண்ணாடியில் தொண்டையைப் பார்ப்பது, அம்மா பக்கத்தில் இல்லாமல் சாப்பிட மறுப்பது. ‘நான் இதைச் செய்ததால்தான் சிக்கவில்லை’ என்று பிள்ளை நம்பும் காரியங்கள் இவை. ஒன்றொன்றாக எடுங்கள். தண்ணீரை இரண்டு வாய்க்கு ஒரு முறை, அப்புறம் நான்கு வாய்க்கு ஒரு முறை. இதையும் நோட்டில் படிகளாக எழுதிக்கொள்ளலாம்.

7. பள்ளியும் வெளியிடமும்

பள்ளி இடைவேளை சின்னது. வரிசையில் நின்று வாங்கி உட்காருவதற்குள் பாதி போய்விடும், சுற்றிலும் இரைச்சல். வீட்டில் நன்றாகச் சாப்பிடும் பிள்ளைகூட அங்கே தடுமாறும். டப்பாவை அப்படியே மூடிக் கொண்டு வருகிறதா, யாருக்கும் தெரியாமல் குப்பையில் போடுகிறதா என்று கவனியுங்கள். வகுப்பாசிரியருக்குச் சுருக்கமாக எழுதுங்கள்: மருத்துவர் பார்த்துவிட்டார், தொண்டையில் கோளாறில்லை, விழுங்கப் பயம் இருக்கிறது, வீட்டிலிருந்து உணவு கொண்டுவருவாள், அவசரப்படுத்த வேண்டாம், வகுப்பில் எல்லார் முன்னாலும் இதைப் பற்றிப் பேச வேண்டாம். பிடித்த நண்பர் ஒருவரோடு உட்கார வைத்தால் பாதி வேலை முடியும். பள்ளி ஆலோசகரைப் பார்க்கக் கேட்பதில் தயக்கம் வேண்டாம், அவர் இருப்பதே இதற்குத்தான். பிள்ளை மாணவர் பராமரிப்பு நிலையத்தில் மதியம் சாப்பிடுகிறது என்றால் அங்கேயும் இதே குறிப்பைக் கொடுங்கள்.

உணவங்காடிக்கு முதலில் கூட்டமில்லாத நேரத்தில் போங்கள். கேகே மருத்துவமனை லிட்டில் இந்தியா ரயில் நிலையத்துக்குப் பக்கம்தான். மருத்துவரைப் பார்த்த கையோடு தேக்காவில் ஒரு தோசையைப் பாதிப் பாதி பகிர்ந்து சாப்பிட்டு வருவதும் ஒரு படிதான். திருமணங்களில் சொந்தக்காரர்கள் “என்ன இப்படி இளைச்சுட்டா?” என்று பிள்ளையின் முன்னாலேயே கேட்பார்கள். “டாக்டர் பார்த்துட்டாருங்க, நல்லா தேறி வர்றா” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுங்கள். அதற்குமேல் விளக்கம் யாருக்கும் தேவையில்லை.

8. நிஜமான ஆபத்துக்கு எவ்வளவு கவனம்?

பயத்தைக் குறைக்கிறோம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டில் சின்னத் தம்பி தங்கைகள் இருந்தால் திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள், மீன் உருண்டையையும் சாசேஜையும் அதே மாதிரி வெட்டுங்கள். 4 வயதுக்குக் கீழே முழுக் கடலை, பாப்கார்ன், கெட்டி மிட்டாய் வேண்டாம். ஓடிக்கொண்டே சாப்பிடுவது யாருக்குமே வேண்டாம். இவற்றை வீட்டின் பொதுவான விதிகளாக வையுங்கள். பயந்த பிள்ளைக்கு மட்டும் தனிச் சட்டம் போட்டால், தான் ஏதோ உடையக்கூடிய ஆள் என்று அது நினைத்துக்கொள்ளும்.

சிங்கப்பூர்ச் செஞ்சிலுவைச் சங்கம் முதலுதவி வகுப்புகள் நடத்துகிறது. நீங்களும், வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரும் ஒரு முறை போய்க் கற்றுக்கொண்டு வாருங்கள். மூச்சு உண்மையிலேயே அடைத்தால் பெரும்பாலும் சத்தம் வராது: இரும முடியாது, பேச முடியாது, உதடு நீலம் பாரிக்கும். உடனே உதவியைத் தொடங்கி, பக்கத்தில் இருப்பவரை அவசர மருத்துவ வண்டிக்கான 995-ஐ அழைக்கச் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவக் கூடாது. ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது, அதற்கு முறை வேறு. இதையெல்லாம் கை பழகக் கற்றவருக்கு, மேசையில் முகம் மாறாமல் உட்காருவது சுலபமாகிவிடுகிறது. பிள்ளை முன்னால் மட்டும் ஒத்திகை பார்க்க வேண்டாம்.

9. நம்மால் ஆகவில்லை என்றால்

இரண்டு, மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் நகரவில்லை, எடை குறைகிறது, திரவ உணவைத் தவிர எதுவும் இறங்கவில்லை, பள்ளிக்குப் போகவே மறுக்கிறது என்றால் மனநல வல்லுநர் தேவை. கெட்ட பெயர் வந்துவிடுமோ என்று யோசித்து மாதங்களைக் கடத்த வேண்டாம். பயத்தால் உணவைத் தவிர்த்து உடம்பு கெடும் அளவுக்குப் போவதை 2013-லிருந்து ‘ஆர்ஃபிட்’ (ARFID) என்ற பெயரில் தனி நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறார்கள். இதில் உடல் குண்டாகிவிடுமோ என்ற கவலை இருக்காது. மருத்துவமனையில் உளவியலாளர், உணவியல் வல்லுநர், தேவைப்பட்டால் விழுங்குவதைச் சோதிக்கும் பேச்சு சிகிச்சையாளர் என்று சேர்ந்து பார்ப்பார்கள். மனநலக் கழகத்தின் சிறார் வழிகாட்டு மருந்தகமும் இருக்கிறது. உளவியலாளர் செய்யப்போவதும் பெரும்பாலும் மேலே சொன்ன படிப்படியான பழக்கம்தான். ஆனால் எங்கே தள்ள வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வழியில் வரும் வேறு பதற்றங்களும் அவர் கண்ணில் படும். உங்கள் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். தமிழில் பேசினால்தான் பாட்டிக்குப் புரியும் என்றால் அதையும் முன்பதிவின்போதே கேட்டுப் பாருங்கள்.

தேறிய பிறகும் சளி, தொண்டை வலி, ஊருக்குப் போய்த் திரும்பும் நீண்ட விடுமுறை ஆகியவற்றுக்கு அப்புறம் பயம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அப்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நோட்டைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து இரண்டு படி கீழே போய், மறுபடியும் நாளுக்குப் பத்து நிமிடம். இந்த முறை படிகள் சீக்கிரம் ஏறும்.